நைஜீரியாவில் கிடைத்த டாக்டர் ஹூ: ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு’ டிவிடி

டாக்டர் என்ற காலப்பயணியைப் பற்றிய பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர் டாக்டர் ஹூ. அதன் கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதைகளில் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள். மொத்தம் ஆறு பகுதிகள், 1967 டிசம்பர் கடைசியில் பிபிசியில் தொடங்கி 1968 ஜனவரியில் முடிந்த கதை. நான் பார்த்தது 2018இல் வந்த சிறப்புப் பதிப்பு. ராத்திரிக்கு இரண்டு பகுதி என்று மூன்று ராத்திரியில் முடித்தேன்.

இந்த ஆறில் மூன்றாம் பகுதி மட்டும்தான் பல வருடம் மிஞ்சியிருந்தது. அந்தக் காலத்து வீடியோ டேப் விலை அதிகம், அதனால் பழையதை அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவார்கள். மறுஒளிபரப்புக்கும் ஒப்பந்தக் கட்டுப்பாடு இருந்தது, பிறகு எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்க 16 எம்எம் பிலிமில் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்களே, அதுதான் கடைசியில் காப்பாற்றியது. பிலிப் மோரிஸ் என்பவர் இப்படிப்பட்ட பிலிம்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து, நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து டிவி நிலையம் ஒன்றின் சரக்கறையில் தூசி படிந்து கிடந்த டப்பாக்களைக் கண்டுபிடித்தார். 2013 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. ஒன்பது பகுதிகள் புதிதாகக் கிடைத்தன, இந்தக் கதையில் ஐந்து, அடுத்த கதையான ‘தி வெப் ஆஃப் ஃபியர்’இல் நான்கு. தொடர் முழுவதிலும் தொலைந்த பகுதிகள் 106 என்றிருந்தது 97 ஆயிற்று.

மிஞ்சியது போயும் போயும் அந்த மூன்றாம் பகுதியாக இருந்ததுதான் இந்தக் கதைக்கு நேர்ந்த அநியாயம். ஆறிலேயே மந்தமானது அது, சமையற்காரர் கிரிஃபின் புலம்புவதை மட்டும் ரசிக்கலாம். அதை வைத்தே இது சுமாரான கதை என்று பலர் முடிவு கட்டியிருந்தார்கள். வீட்டில் டிவி பார்த்த ரசிகர்கள் டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்த ஒலி ஆறு பகுதிக்கும் இருந்தது, ஆனால் ஒரே நடிகர் இரண்டு வேடம் போடும் கதையைக் காதால் மட்டும் கேட்டு என்ன புரியும்? முதல் பகுதியில் கடற்கரையைப் பார்த்ததும் டாக்டர் சின்னப் பையன் மாதிரி குதூகலமாகத் தண்ணீரில் இறங்குகிறார், கொஞ்ச நேரத்தில் ஹோவர்கிராஃப்டும் ஹெலிகாப்டரும் துப்பாக்கிச் சூடுமாக ஒரே ரகளை. இவ்வளவும் ஒலிநாடாவில் வெறும் இரைச்சல்தான்.

பேட்ரிக் ட்ரவுட்டன் இதில் டாக்டராகவும் சாலமாண்டர் என்ற வில்லனாகவும் வருகிறார். சூரிய ஒளியைச் சேகரித்து விளைச்சலைப் பெருக்குகிறவன் என்று உலகமே சாலமாண்டரைக் கொண்டாடுகிறது, அவனோ மறைவில் எரிமலைகளை வெடிக்க வைக்கிறான். தலைவாரலும் உடுப்பும் மட்டும் மாறினால் போதாது என்று ட்ரவுட்டனுக்குத் தெரிந்திருக்கிறது, நிற்கும் விதமும் பார்வையுமே வேறு. டாக்டர் சாலமாண்டராக நடிக்கும் காட்சிகளில் மூன்றாவதாக ஒரு ஆள் தெரிகிறார், அவருக்குள் டாக்டர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று தேடிக்கொண்டே இருந்தேன்.

குறை இல்லாமல் இல்லை. சாலமாண்டரின் மெக்சிகோ உச்சரிப்பு இன்று காதில் உறுத்துகிறது. நிலத்தடியில் அடைபட்டிருக்கும் மனிதர்களின் கதை நாலாம் பகுதியில் திடீரென்று வந்து ஒட்டிக்கொள்கிறது, நல்ல யோசனைதான், இன்னும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இயக்கியவர் பாரி லெட்ஸ், பின்னாளில் இதே தொடரின் தயாரிப்பாளர் ஆனவர், இந்தத் தொடரில் அவருடைய முதல் வேலை இது. அவர் 2009இலும் ட்ரவுட்டன் 1987இலும் காலமாகிவிட்டார்கள், பிலிம் திரும்பி வந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வாங்கும்போது 2018 பதிப்புதானா என்று பார்த்து வாங்குங்கள். 2013இல் வந்ததில் கதையைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமில்லை, இதில் படம் ஓட ஓட நடிகர்கள் அதைப் பற்றிப் பேசும் ஒலித்தடமும், மோரிஸ் தன் தேடலைப் பற்றிப் பேசும் படமும் இருக்கின்றன. அப்புறம், டிவிடிகளை உலகின் மண்டலவாரியாகப் பூட்டி விற்பார்கள், பிரிட்டன் பதிப்பு 2ஆம் மண்டல வட்டு, இந்தியாவுக்கு உரியது 5ஆம் மண்டலம், ஆகவே எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டும்.

முடிந்தால் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ஐயும் சேர்த்து வாங்குங்கள், இந்தக் கதை விட்ட அதே நொடியில் அது தொடங்குகிறது. அதன் மூன்றாம் பகுதி மட்டும் கிடைக்கவில்லை, 2014 டிவிடியில் அந்த இடத்தை நிழற்படங்களையும் ஒலியையும் வைத்து நிரப்பியிருக்கிறார்கள்.