புதுவை அரசின் சங்கரதாஸ் சுவாமிகள் விருதும் திரைப்பட விழாவும்: ஒரு பார்வையாளரின் மதிப்பீடு

திரைப்பட விமர்சகர் அமைப்புகள் ஆண்டுதோறும் அறிவிக்கும் விருதுகளை நாம் பெரும்பாலும் செய்தியாக வாசிப்பதோடு சரி. தேர்வான படத்தைத் தேடிப் பார்ப்பது நம் பொறுப்பாகவே விடப்படுகிறது. புதுச்சேரி அரசின் செய்தி விளம்பரத்துறை, நவதர்ஷன் திரைப்படக் கழகத்துடனும் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலையன்ஸ் பிரான்சேயுடனும் இணைந்து நடத்திவரும் இந்தியத் திரைப்பட விழா இந்தக் குறையைத் தீர்க்கிறது. சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானதன் இயக்குநருக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான விருதை மேடையில் வழங்கிவிட்டு, அந்தப் படத்தையே கட்டணமின்றிப் பொதுமக்களுக்குத் திரையிடுகிறார்கள்.

விருதுக்கு இப்பெயர் மிகவும் பொருந்துகிறது. 1867இல் தூத்துக்குடி வட்டாரத்தில் பிறந்து, தமிழ் நாடகத்துக்கு ஒழுங்கும் பாட்டும் தந்த சுவாமிகள், 1922 நவம்பர் 13 அன்று மறைந்தது புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் உள்ள அவரது நினைவிடத்துக்கு நாடகக் கலைஞர்கள் இன்றும் வந்து மரியாதை செலுத்துகிறார்கள். (உள்ளூர்க்காரர்களில் பலர் அந்தப் பக்கமே போனதில்லை என்பது வேறு கதை.)

தேர்வுகளைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. 2016இல் வெளியான ‘குற்றமே தண்டனை’, 2018இல் வெளியான ‘பரியேறும் பெருமாள்’ ஆகியவற்றுக்கு விருது சென்றிருப்பதைப் பார்த்தால், வசூலையோ நட்சத்திரத்தையோ அளவுகோலாகக் கொள்ளாத குழு என்று தயங்காமல் சொல்லலாம். தனியார் விழாக்களைப் போல வந்தவர்க்கெல்லாம் ஒரு பிரிவை உருவாக்கிப் பரிசளிக்கும் வழக்கமும் இங்கே இல்லை.

ஆயினும், முந்தைய ஆண்டின் படத்துக்கு விருது தரப்படுவதால், விழா நாளுக்குள் அது பெரும்பாலும் ஓடிடி தளத்துக்கு வந்துவிடுகிறது. ஆர்வமுள்ளவர்கள் வீட்டிலேயே பார்த்து முடித்திருப்பார்கள். படம் வெளியான சில மாதங்களுக்குள் விருதை வழங்கினால், திரையரங்கில் ஒரு வாரம்கூட நிலைக்காத சிறிய படங்களுக்கு அது உண்மையான கைகொடுப்பாக இருக்கும். தேர்வுக்குழு தன் காரணங்களை ஒரு பக்க அளவிலாவது அச்சிட்டு அரங்கில் வழங்கினால், விமர்சகர் விருதுக்குரிய எடையும் இதற்குச் சேரும்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: இயக்குநரை நேரில் காண வேண்டுமெனில் தொடக்க நாள் மாலையைத் தவறவிட வேண்டாம். உரைகளும் பொன்னாடைகளும் இல்லாமல் படம் மட்டும் போதும் என்பவர்கள், அடுத்தடுத்த நாள்களில் திரையிடப்படும் பிறமொழிப் படங்களுக்குச் செல்லலாம்.