ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு நெட்டில் நம்பர் தேடிய அப்பாவுக்கு நடந்தது

அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "ஊர் பேர் எதுவும் போடாம எழுதும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள் என்றால் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

2024 மே 30, வியாழக்கிழமை. கத்திரி முடிந்து இரண்டு நாள் ஆகியும் வெயில் தணியவில்லை. ஃப்ரிட்ஜ் முந்தின நாள் ராத்திரியே நின்றுவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறது, குளிர் மட்டும் இல்லை. பால் திரிந்துவிட்டது. அம்மா அரைத்து வைத்திருந்த மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு தட்டு முழுக்க வழிந்திருந்தது. அதெல்லாம் போகட்டும், அம்மாவின் இன்சுலின் அதற்குள்தான் இருந்தது. அப்பாவின் அவசரத்துக்குக் காரணம் அதுதான். இன்சுலினைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, போனை எடுத்து கம்பெனி பெயரையும் கஸ்டமர் கேர் என்பதையும் போட்டுத் தேடியிருக்கிறார். முதலில் வந்த எண்ணையே அழைத்துவிட்டார்.

அது 1800 என்று தொடங்கும் இலவச எண் இல்லை. சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண். அப்பாவுக்கு அது உறுத்தவில்லை. ஏனென்றால் எதிர்முனையில் பேசியவன் கம்பெனி பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தான், நல்ல தமிழில் பேசினான், ஃப்ரிட்ஜ் எந்த வருடம் வாங்கியது, எத்தனை லிட்டர், ஸ்டெபிலைசர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டான். "மதியம் மூணு மணிக்குள்ள டெக்னீசியன் வந்துடுவார் சார், புக்கிங்குக்கு அஞ்சு ரூபாய் மட்டும் கட்டணும்" என்றான். அஞ்சு ரூபாய்க்கு யார் சந்தேகப்படுவார்கள்?

வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. அதே கம்பெனியின் சின்னம், "கஸ்டமர் சப்போர்ட்" என்று பெயர், கடைசியில் ஏபிகே என்று முடியும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பை நேராக ஏற்றுவதற்கான கோப்பு அது. போன் சும்மா விடவில்லை, இது ஆபத்தாக இருக்கலாம் என்று எச்சரித்தது. அப்பா அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். "அது எல்லா ஆப்புக்கும் வர்றதுதான் சார், ஓகே குடுங்க." கொடுத்தார். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டது. அதற்கும் ஓகே. பிறகு அஞ்சு ரூபாய் கட்டும் பக்கம் வந்தது. வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் அப்படியே அவருடைய வங்கியின் பக்கம் மாதிரியே திறந்தது. நெட் பேங்கிங் பெயர், கடவுச்சொல் இரண்டையும் போட்டார். "பரிவர்த்தனை தோல்வி, பிறகு முயலவும்" என்று காட்டியது. "பரவாயில்ல சார், டெக்னீசியன்கிட்டயே குடுத்துடுங்க" என்று சொல்லி அவன் போனை வைத்தான். எவ்வளவு மரியாதை பாருங்கள்.

அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இரண்டே கால் மணிக்கு வேலை தொடங்கியிருக்கிறது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கென்று வைத்திருந்த 2 லட்ச ரூபாய் எஃப்.டி.யை முதலில் உடைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் போட்ட எஃப்.டி.யை ஆன்லைனிலேயே உடைக்கலாம், கிளைக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பணம் சேமிப்புக் கணக்குக்கு வந்ததும் 50,000, மறுபடி 50,000, அப்புறம் 90,000. மொத்தம் 1,90,000. ஒவ்வொன்றுக்கும் வந்த ஓடிபி அப்பாவின் போனுக்கு வந்த கையோடு இன்னொரு எண்ணுக்கும் போயிருக்கிறது. அந்த ஆப்பின் வேலையே அதுதான். யாரும் அப்பாவிடம் ஓடிபி கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. "ஓடிபியைச் சொல்லாதீர்கள்" என்று நாம் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பாடம் இந்த இடத்தில் எதற்கும் உதவவில்லை.

மூன்றரை மணிக்கு எழுந்து போனைப் பார்த்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக வங்கிக்குப் போயிருக்கிறார். நாலு மணி தாண்டிவிட்டது. "டைம் முடிஞ்சுடுச்சு, நாளைக்கு வந்து ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். ஒரு பெரியவர் பதறிக்கொண்டு வந்து நிற்கிறார். கணக்கை முடக்க ஐந்து நிமிடம் போதும். 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்தக் கிளையில் இருந்த ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் பேசுவேன், அன்றைக்கும் பேசினேன். "ஃப்ரிட்ஜ் ரிப்பேரும்மா, ஆள் வரேன்னு சொல்லிருக்கான்" என்றார். குரல் கம்மியிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "நீ போன வருஷம் சொன்னியே, இந்த லிங்க்கை எல்லாம் யாராவது தொடுவாங்களான்னு" என்றார். எதிர்வீட்டுக்காரர் பணத்தை விட்டபோது நான் சொன்னது அது. எனக்கு மறந்தே போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. பெண் என்ன நினைப்பாளோ என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மறுநாள் மே 31, வெள்ளி. மாதத்தின் கடைசி வேலை நாள், ஓய்வூதியம் கணக்கில் ஏறும் நாள். காலை பத்தேகால் மணிக்கு வங்கியில் கடிதம் கொடுத்தார். 34 வருடம் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், எந்தக் காகிதத்தையும் நகல் இல்லாமல் கொடுக்க மாட்டார். நகலில் வங்கி முத்திரை வாங்கி, தேதிக்குக் கீழே நேரத்தையும் எழுதச் சொல்லி, சுருக்கொப்பம் வாங்கியிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் "எதுக்கு சார் டைம் எல்லாம்" என்று சலித்துக்கொண்டாராம். விடவில்லை. "கா 10.20" என்று நீல மையில் கோணலாக எழுதி வைத்த அந்த நகல் இப்போது என் கோப்பில் இருக்கிறது.

கடிதத்தை வாங்கி வைத்தவர்கள் நெட் பேங்கிங்கை முடக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு அன்று ஏறிய ஓய்வூதியத்திலிருந்து இன்னொரு 30,000 போனது.

அன்று மாலை அம்மாதான் எனக்குப் போன் செய்தார், "அப்பா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல" என்று. அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை இரவு 7.40க்கு 1930ஐ அழைத்தேன். முதல் பணம் போய் 29 மணி நேரம் ஆகிவிட்டது.

1930 என்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சைபர் நிதி மோசடிப் புகார் எண். இந்த ஏற்பாடு 2021இல் தொடங்கியது. முதலில் 155260 என்று இருந்த எண் பிறகு 1930 ஆனது. கணக்கு எண், போன தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், பணம் அங்கேயே இருந்தால் எடுக்க முடியாமல் நிறுத்தி வைக்கிறார்கள். திருடர்களும் இதை அறிந்தவர்கள்தான். அதனால் ஒரு கணக்கில் விழுந்த பணத்தை உடனே நாலைந்து கணக்குக்குப் பிரித்து ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்கள். நாங்கள் அழைத்தபோது மிச்சம் இருந்து நிறுத்தப்பட்டது 22,600 ரூபாய். வியாழன் மூன்றரை மணிக்கே அழைத்திருந்தால் பெரும்பகுதி நின்றிருக்கும் என்று சைபர் பிரிவில் இருந்தவர் சொன்னார். அப்பாவுக்கு முன்னால் அதைச் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் போனைப் பார்த்தேன். முகப்புத் திரையில் அந்த ஆப்பே இல்லை, ஐகானை மறைத்துக்கொண்டுவிட்டது. அமைப்புகளுக்குள் போய், தனியுரிமைப் பகுதியில் எஸ்.எம்.எஸ். அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தபோதுதான் சிக்கியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனில் இந்த ஒரு பட்டியலை மட்டுமாவது திறந்து பாருங்கள். மெசேஜ் படிக்க வேண்டிய தேவையே இல்லாத ஆப் அதில் இருந்தால் உடனே அனுமதியைப் பறித்து ஆப்பை நீக்குங்கள். நாங்கள் நீக்கியதோடு விடவில்லை, புகாருக்குத் தேவையான ஸ்கிரீன்ஷாட்களை எடுத்துக்கொண்டு போனையே முழுக்க அழித்துப் புதிதாக ஆக்கினோம். கடவுச்சொற்களை என் போனிலிருந்து மாற்றினோம். பாதிக்கப்பட்ட போனிலிருந்தே மாற்றினால் புதியதும் அவனிடம் போகும்.

வங்கியிடமிருந்து மூன்று வாரத்தில் பதில் வந்தது. "தாங்கள் தங்கள் ரகசிய விவரங்களைப் பகிர்ந்துள்ளதால் வங்கி பொறுப்பேற்க இயலாது." நாலு வரி. கடிதத்தில் முத்திரை குத்திய நேரம், அதற்குப் பிறகு போன 30,000 பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இங்கேதான் 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை கைகொடுத்தது. வங்கிக்காரர்கள் அதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நடந்த இழப்புதான் அவர் தலையில். தெரிவித்த பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தவறு வங்கி மீதும் இல்லாமல் வாடிக்கையாளர் மீதும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு எந்த இழப்பும் கிடையாது. வாடிக்கையாளர்தான் காரணம் என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே.

வங்கியின் பதில் திருப்தியில்லை என்றாலோ 30 நாளில் பதிலே வரவில்லை என்றாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 14448 என்ற எண்ணில் விவரம் சொல்கிறார்கள். அந்த முத்திரை நகலை இணைத்து அனுப்பினோம். 30,000 ரூபாய் திரும்ப வந்தது. எங்கள் அப்பா நேரத்தை எழுதி வாங்காமல் வந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

மீதி 1,90,000 விஷயத்தில் கடவுச்சொல்லை அவரே போட்டார் என்பது எங்களுக்கு எதிராக நின்றது. நெட் பேங்கிங் பெயரும் கடவுச்சொல்லும் வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது சரிதான். ஆனால் பல மாதம் தொடாமல் கிடந்த எஃப்.டி. ஒரே நாளில் உடைந்து, சில நிமிடத்தில் மூன்று புதுக் கணக்குகளுக்குப் போகிறது. அதைப் பார்த்து ஒரு முறை போன் செய்து கேட்க வங்கிக்குத் தெரியாதா? இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டோம். பதில் வரவில்லை.

அந்த முதல் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேடினால் மேலே வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். சின்ன எழுத்தில் விளம்பரம் என்று போட்டிருப்பார்கள், 68 வயதுக் கண்ணுக்கு அது தெரியாது. வரைபட ஆப்களிலும் ஒரு கடையின் எண்ணைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம், அப்படியும் போலி எண்கள் உள்ளே வந்திருக்கின்றன. ஆகவே சர்வீஸ் எண்ணை எங்கே எடுப்பது? பொருளிலேயே இருக்கும். வாரன்ட்டி அட்டையில் இருக்கும், பில்லில் இருக்கும். வங்கி எண் என்றால் ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில், சுவரை ஒட்டிய பக்கம், மாடல் எண்ணோடு கம்பெனியின் இலவச எண்ணும் ஸ்டிக்கராக ஒட்டித்தான் இருந்தது. சனிக்கிழமை ஃப்ரிட்ஜை நகர்த்தியபோது ஒட்டடைக்கு நடுவில் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ஈரத்துணி கொண்டுவந்து அதைத் துடைத்தார்.

கடைசியில் ஃப்ரிட்ஜைச் சரிசெய்தவர் தெருமுனைக் கடை மெக்கானிக். கம்ப்ரசர் ரிலே எரிந்துபோயிருந்தது. 450 ரூபாய்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு அழைப்பு வந்தது. "சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க 3,000 கட்டணம்" என்று. புகார் கொடுத்ததும் தொகையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறுகிறது போல. புகாருக்கோ பணத்தை விடுவிக்கவோ போலீஸ் போனில் காசு கேட்காது. இந்த முறை அப்பா உடனே எனக்குப் போன் செய்தார், நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தும் எடுத்தேன்.

இப்போது எஃப்.டி.யைக் கிளையில் நேரில் போட்டு ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். நெட் பேங்கிங்கில் ஒரு நாள் வரம்பைக் குறைத்துவிட்டோம். ஓய்வூதியம் ஏறும் கணக்கில் நெட் பேங்கிங்கே இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அப்பா தன் கையெழுத்தில் 1930 என்று எழுதி ஒட்டியிருக்கிறார், அதற்குக் கீழே என் எண்.

நிறுத்தி வைத்த 22,600 ரூபாய்க்குக் கோர்ட் உத்தரவு வேண்டும் என்றார்கள். மனு போட்டு, இரண்டு முறை அலைந்து, ஏழு மாதம் கழித்து வந்தது. மீதி 1,67,400 வரவில்லை. முதல் கணக்கின் சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு கூலித் தொழிலாளியாம், கணக்கைக் கொஞ்சப் பணத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று போலீசில் சொன்னார்கள். வழக்கு நடக்கிறது. அம்மா இன்னும் மாடிப்படி ஏறுவதில்லை. வரும் தை மாதம் அறுவை சிகிச்சை வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் பேசியிருக்கிறோம்.