இலவச சட்ட உதவி மையம்: அம்மாவோட சொத்து கேஸ்ல எங்க அனுபவம்

அப்பா சொத்துல பங்கு கேட்டு கேஸ் போட்டு, தடை உத்தரவும் வாங்கி, அதுக்கப்புறமும் எதிர் பார்ட்டி கோர்ட்டையே மதிக்காம நடந்துக்கிட்டா என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிற பெண்களுக்காகத்தான் இந்த ரிவ்யூ. எங்க அம்மா கேஸை எடுத்து நடத்தினவங்க கோர்ட் வளாகத்துக்குள்ளயே இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழு (இதுதான் இலவச சட்ட உதவி மையம்) தன் பட்டியல்லேருந்து கொடுத்த பேனல் வக்கீல் மேடம். எந்த ஊர்னு சொல்லல, கேஸ் இன்னும் நடக்குது. 5க்கு 4 கொடுப்பேன்.

முதல்ல காசு விஷயம். இது பரம ஏழைங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு நிறைய பேர் அந்தப் பக்கமே போறதில்ல. 1987ம் வருஷ சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, அரசு வேலைல இருந்தாலும் போகலாம். வக்கீல் பீஸ், கோர்ட் பீஸ், நோட்டீஸ் செலவு எதுவும் நம்ம தலைல விழாது. எங்ககிட்ட யாரும் ஒத்த ரூபா கேக்கல.

தாத்தா உயில் எழுதாமப் போயிட்டார். வீடும் தென்னந்தோப்பும் அவர் சொந்தமா சம்பாதிச்சது, பாட்டி அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க, அதனால 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படி அம்மாவுக்கும் ரெண்டு மாமாவுக்கும் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. பெரிய மாமா, பங்கு வேணாம்னு எழுதிக் கொடுக்கற விடுதலைப் பத்திரத்தைக் கொண்டுவந்து "உனக்குத்தான் நகை போட்டு கட்டிக் கொடுத்தாச்சே, கையெழுத்து போடு"ன்னாரு. அம்மா போடல, பாகப்பிரிவினை கேஸ் போட்டோம்.

மேடத்தோட வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்சது, கேஸ் முடியற வரைக்கும் சொத்துல கை வைக்கக் கூடாதுன்னு கேட்ட தடை மனுவை அவங்க எழுதின விதம். சும்மா "விற்கக் கூடாது"ன்னு விடாம சர்வே நம்பர், நாலு எல்லை எல்லாம் போட்டு விற்க, அடமானம் வைக்க, தானமோ செட்டில்மென்ட்டோ (குடும்பத்துக்குள்ள சொத்தை எழுதிக் கொடுக்கற பத்திரம்) எழுத, மரம் வெட்ட, கட்டடம் கட்டன்னு ஒவ்வொண்ணா சொல்லி கேட்டிருந்தாங்க. கோர்ட்டும் அப்படியே போட்டுச்சு. அப்போ எதுக்கு இவ்ளோ நீளமா எழுதறாங்கன்னு தோணுச்சு, அப்புறம் மாமா தோப்புல பாதிய தன் பையன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதி ரிஜிஸ்டர் பண்ணி, ஷெட்டு போட குழி தோண்ட ஆரம்பிச்சு, கேட்டா "நான் யாருக்கும் விக்கலையே, என் பையனுக்குத்தானே கொடுத்தேன்"னு சொன்னப்பதான் அந்த ஒரு வரியோட அருமை தெரிஞ்சது.

போலீஸ்கிட்ட போனா சிவில் மேட்டர்னு அனுப்பிட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் நேரா ஹைகோர்ட்ல கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு) கேஸ் போடு, உடனே உள்ள தள்ளிடுவாங்கன்னு ஏத்தி விட்டாங்க. மேடம்தான் உக்கார வெச்சு பொறுமையா சொன்னாங்க: 1971 கோர்ட் அவமதிப்பு சட்டத்துல 6 மாசம் வரைக்கும் ஜெயில், 2000 ரூபா வரைக்கும் அபராதம், மீறின நாள்லேருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயாகணும், ஆனா கீழ் கோர்ட் போட்ட தடையை மீறினதுக்கு அங்கயே வழி இருக்கும்போது ஹைகோர்ட் பெரும்பாலும் "முதல்ல அங்க போங்க"ன்னுதான் சொல்லும். அந்த வழி சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 39 ரூல் 2ஏ. மீறினவரோட சொத்தை ஜப்தி பண்ணலாம், 3 மாசம் வரைக்கும் சிவில் ஜெயில்ல வைக்கலாம். மீறினாங்கன்னு காட்டினா மட்டும் பத்தாது, ஆர்டர் தெரிஞ்சும் வேணும்னே மீறினாங்கன்னு காட்டணும்.

அங்கதான் மாமா "எனக்கு ஆர்டரே வரல"ன்னாரு. மேடம் ஆர்டர் வந்த உடனேயே ரிஜிஸ்டர் தபால்லயும் ஒரு காப்பி அனுப்பி, அவர் கையெழுத்து போட்ட அட்டையை பத்திரமா வெச்சிருந்தாங்க. அது செட்டில்மென்ட் தேதிக்கு முன்னாடி தேதி. வில்லங்கம் போட்டு எடுத்த நகல், குழி தோண்டின போட்டோ எல்லாம் சேர்த்து மனு போட்டாங்க, கூடவே வேலைய நிறுத்த போலீஸ் உதவி கேட்டு தனி மனு. கேஸ் நடக்கும்போது எழுதின பத்திரத்தால நம்ம பங்கு போயிடாது, சொத்து மாற்றுச் சட்டம் 52வது பிரிவுப்படி வாங்கினவரும் தீர்ப்புக்கு கட்டுப்பட்டவர்தான்னு சொன்னப்புறம்தான் அம்மா ராத்திரி தூங்கினாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். கூடப் பொறந்த அண்ணனை ஜெயிலுக்கு அனுப்ப அம்மாவுக்கு மனசு வரல, பாதில மனுவை வாபஸ் வாங்கிடலாமான்னு அழுதாங்க. மேடம் வற்புறுத்தவும் இல்ல, அதுக்காக விட்டுக்கொடுக்கவும் இல்ல. "ஜெயில் நம்ம நோக்கம் இல்லம்மா, அவர் பத்திரத்தை ரத்து பண்ணணும், அதான் நோக்கம்"னாங்க. கடைசில மாமா மன்னிப்பு கேட்டு அபிடவிட் போட்டாரு, மேடம் வெறும் மன்னிப்பை ஏத்துக்கக் கூடாதுன்னு வாதாடி, பத்திரத்தை ரத்து பண்ணி நகல் தாக்கல் பண்ணின பிறகுதான் மனு முடிஞ்சது. பெரிய பீஸ் வாங்கற வக்கீல்கூட இவ்ளோ அக்கறையா பண்ணுவாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

ஒரு ஸ்டார் குறைச்சது ஏன்னா, ஆர்டர் கிடைச்ச அன்னைக்கே அதோட காப்பிய சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல மனுவோட கொடுத்து ஒப்புகை வாங்கி வைங்கன்னு யாருமே எங்களுக்கு சொல்லல. சொல்லியிருந்தா பதிவுக்கு வந்தப்பவே கேள்வி வந்திருக்கலாம். அப்புறம் பேனல் வக்கீலுக்கு கேஸ் ஜாஸ்தி, போன் எடுக்க மாட்டாங்க, அடுத்த வாய்தா எப்போன்னு நாமதான் ஈகோர்ட்ஸ் ஆப்ல பார்த்துக்கணும். ஆபீஸ்ல மனு வாங்கறவர் கொஞ்சம் எரிச்சலா பேசினாரு, பக்கத்துல இருந்த சட்டத் தன்னார்வலர் அக்காதான் பாரத்தை நிரப்பிக் கொடுத்தாங்க.

போறவங்க இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மூலப் பத்திர நகல், பட்டா, வில்லங்கம், ஆதார் எல்லாம் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு போங்க. மாவட்ட கோர்ட் தூரம்னா தாலுகா கோர்ட்லயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், எங்கன்னு தெரியலைன்னா 15100க்கு போன் பண்ணி கேக்கலாம்.