எஞ்சினுக்கு அமிர்தம், கிளட்சுக்குத் தலைவலி: டிராக் பைக்கில் எஸ்டர் 15டபிள்யூ-50

சுசுகி ஹயபுசா 1340, நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் (drag) பந்தயத்துக்கான பைக். டர்போ இல்லை, எரிபொருள் பெட்ரோல்தான். ஏர் ஷிஃப்டர் (காற்றழுத்தத்தால் கியர் மாற்றுவது), லாக்-அப் கிளட்ச் (சுழற்சி கூடக் கூட எடைகள் வெளியே தள்ளி பிளேட்டுகளை இறுக்குவது) உண்டு. ஊற்றி ஓட்டியது பந்தயத்துக்கென்றே விற்கும் எஸ்டர் என்ற வேதிப்பொருளில் செய்த சிந்தெடிக் எஞ்சின் ஆயில், 15டபிள்யூ-50 (பின் எண் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பது). இப்போது கிளட்ச் பேக்கை (பிளேட்டுகளின் அடுக்கை) மாற்ற வேண்டி வந்ததால் உள்ளே எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. "அதையே நானும் ஊற்றலாமா?" என்று நண்பர் கேட்டதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

எஞ்சினைப் பொறுத்தவரை குறையே சொல்ல முடியாது. வால்வுகளைத் திறக்கும் கேம் லோப்களில் ஒரு குழிகூட விழவில்லை. கழற்றும் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பது வழக்கம். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள் இல்லை, பேரிங் தேய்ந்தால் வரும் செம்பு நிறச் செதிலும் இல்லை. பழுப்பு நிறக் கிளட்ச் தூசு மட்டுமே. முழு த்ராட்டிலில் ஏர் ஷிஃப்டர் அடிக்கிற அடிக்குக் கியர்களைப் பிணைக்கும் டாக்குகளின் முனை மழுங்கியிருக்க வேண்டும். கூர்மை அப்படியே இருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்க், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி, கெட்டித்தன்மைக்காகச் சேர்த்த பாலிமர் அறுந்து, 50 என்று ஊற்றியது 40 ஆக இறங்கிவிடுவதுதான் பல ஆயில்களின் கதை. நல்ல எஸ்டருக்கு அவ்வளவு பாலிமர் சேர்க்கத் தேவையில்லை என்பதால் கெட்டித்தன்மை நிற்கிறது.

எரிச்சல் ஆரம்பிப்பது ஸ்டேஜிங் லைட்டில், அதாவது புறப்படும் கோட்டில். முதல் கியர் போட்டு, கிளட்ச் லிவரை முழுக்கப் பிடித்து, டூ-ஸ்டெப்பில் (புறப்படும் முன் ஆர்.பி.எம்.மை ஓர் அளவில் நிறுத்தும் கருவி) ஆர்.பி.எம்.மை ஏற்றினால் பைக் நிற்க மாட்டேன் என்கிறது; மெல்ல முன்னால் ஊர்கிறது. கோட்டை நெருங்கியதைக் காட்டும் ப்ரீ-ஸ்டேஜ் ஒளிக்கற்றைக்கும் கோட்டில் நிற்பதைக் காட்டும் ஸ்டேஜ் ஒளிக்கற்றைக்கும் நடுவே இருப்பது சுமார் 18 சென்டிமீட்டர்தான். அதில் சில சென்டிமீட்டர் ஊர்ந்தாலே ரோல்-அவுட் (கடிகாரம் ஓடத் தொடங்கும் முன் கிடைக்கும் சிறு தூரம்) குறைந்து முதல் 60 அடிக்கான நேரம் கெடும்; இன்னும் கொஞ்சம் ஊர்ந்தால் முன்கூட்டியே புறப்பட்டதாகச் சிவப்பு விளக்கு. முன் பிரேக்கை இறுக்கி நிறுத்தலாம். ஆனால் அந்த நேரமெல்லாம் பிளேட்டுகள் உரசிச் சூடாகின்றன. கழற்றிய ஸ்டீல் பிளேட்டுகளில் நீலத் திட்டுகள். கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் சிலவற்றில் 0.1 மி.மீ. தாண்டிய வளைவு. வளைந்த பிளேட் இடைவெளியைத் தின்னும், அதனால் ஊர்தல் இன்னும் கூடும். ஒன்றை ஒன்று வளர்க்கிற கோளாறு இது.

காரணம் எளிது. இந்த வகை 15டபிள்யூ-50 ஆயிலின் விஸ்காசிட்டி, அதாவது கெட்டித்தன்மை, 100 டிகிரியில் சுமார் 18 சென்டிஸ்டோக். 40 டிகிரியில் 120-ஐத் தாண்டும். அதாவது ஏழு மடங்கு கெட்டி. லிவரைப் பிடித்தாலும் பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஆயில் படலமே ஒன்றோடு ஒன்றை இழுத்துச் சுற்றுகிறது. மீட்டரில் தெரிவது தண்ணீரின் சூடு. அது 80 காட்டும்போது எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் உள்ள ஆயில் வெகுவாகப் பின்தங்கியிருக்கும். ஆயிலுக்கென்று தனி சென்சார் போட்டு, 75 டிகிரி வந்த பிறகே வரிசையில் நகர்த்துங்கள். லிவர் பிடித்த நிலையில் கிளட்ச் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். லாக்-அப் கிளட்சுகளில் அது பெரும்பாலும் 1 மி.மீ.க்கு அருகில் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஊர்தல் அடங்குகிறது. ஆனால் வரிசை தாமதமாகி ஆயில் ஆறிவிட்டால் மறுபடி அதே கதை.

டப்பாவில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ2 முத்திரை இருந்தாலும் அதுவும் சொல்லாது. அந்தச் சோதனை அளப்பது கிளட்ச் எவ்வளவு பிடிக்கிறது என்பதை, எவ்வளவு சுத்தமாக விடுகிறது என்பதை அல்ல. அதற்காக முத்திரையை அலட்சியம் செய்துவிட வேண்டாம். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானம் போட்ட கார் ஆயிலை ஆயிலில் நனைந்தே ஓடும் ஈரக் கிளட்சில் ஊற்றினால் மேல் கியர்களில் வழுக்கும்: ஓட்டத்தைப் பதியும் டேட்டா லாகரில் ஆர்.பி.எம். ஏறும், பின்சக்கர வேகம் அதற்கேற்ப ஏறாது.

இன்னொரு வயிற்றெரிச்சல், இந்த ஆயிலின் நீண்ட ஆயுள் இங்கே வீண். ஓட்டம் பத்து விநாடிக்குள் முடிகிறது. ஆயில் 100 டிகிரியைத் தொடுவதே அரிது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாக வழியில்லை. ஊற்றும் மூடியின் அடியில் வெண்மையான பிசுக்கும், வடிக்கும்போது பெட்ரோல் வாடையும் வந்துவிட்டால் எஸ்டரானாலும் கொட்ட வேண்டியதுதான். மெத்தனால் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தண்ணீர் எஸ்டரையே சிதைக்கும் என்பதால் அவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம்.

லாஞ்சில் (புறப்படும் பாய்ச்சலில்) ஆயில் பின்னால் ஓடி, ஆயிலை எடுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சுவதற்கு எந்த ஆயிலும் மருந்தல்ல. சம்பில் ஆயில் அலையாமல் தடுக்கும் பாஃபிள் தகடு போடுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் அடுத்து ஊற்றப்போவது இதை அல்ல. சாதாரண சிந்தெடிக் 10டபிள்யூ-40, எம்ஏ2. 40 டிகிரியில் அது சுமார் 90 சென்டிஸ்டோக். ஊர்தல் முழுக்கப் போகாது, குறையும். கேம் லோப்கள் இதே அளவு பளபளப்பாக இருக்குமா என்றால், இருக்காது என்றே நினைக்கிறேன். பரவாயில்லை, லைட்டில் பைக் நிற்க வேண்டும். டர்போ வைத்திருப்பவர்களும் பேரிங் கிளியரன்ஸ் தளர்வாக வைத்துக் கட்டியவர்களும் 50-லேயே இருங்கள்.

மாற்றுகிறவர்கள் பழைய ஃபைபர் பிளேட்டுகளை மறுபடி போடாதீர்கள்; உள்ளே ஊறிய ஆயில் கழுவினாலும் முழுக்கப் போகாது. புதியவற்றைப் புது ஆயிலில் ஓர் இரவு ஊறவைத்துப் பொருத்துங்கள். உராய்வு மாறியிருக்கும் என்பதால் லாக்-அப் எடைகளை அப்படியே நம்பாமல், ஸ்பிரிங்கைத் தொடாமல், எடையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி லாகரில் சரிபாருங்கள்.