ஏ.எம்.எச். குறைவா? ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பா வாங்கும் முன் படியுங்கள்

கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் 1.1 நானோகிராம்/மி.லி.-க்குக் கீழே என்று ரத்த ரிப்போர்ட் வந்ததும், சில கருத்தரிப்பு மையங்களின் மருந்துக் கவுண்டரில் மூன்று மாதத்துக்கான ஆன்டிஆக்ஸிடன்ட் டப்பாக்களை எடுத்து வைத்துவிடுகிறார்கள். "முட்டை எண்ணிக்கை கூடும்மா" என்பார்கள். கூடாது. கருமுட்டை இருப்பு பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. எந்த மாத்திரையும் புது முட்டையை உண்டாக்காது.

அப்படி ஒரு தம்பதிக்கு விற்ற டப்பாவின் பின்பக்கம் இது: கோஎன்சைம் கியூ10 என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைக்கு 50 மி.கி., நாளுக்கு இரண்டு. கவுண்டரில் ஆதாரமாகச் சொன்னது 2018-இல் வெளிவந்த சீன ஆய்வை. அதில் 35 வயதுக்கு உட்பட்ட, முட்டை இருப்பு குறைந்த பெண்களுக்குக் கொடுத்தது நாளுக்கு 600 மி.கி., ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) சிகிச்சைக்கு முன் 60 நாள். இந்த மாத்திரையில் அந்த அளவு வர நாளுக்குப் பன்னிரண்டு விழுங்க வேண்டும்! அந்த ஆய்விலும் எடுத்த முட்டைகளும் தரமான கருக்களும்தான் கூடின. குழந்தை பிறப்பது கூடியதாக உறுதியாகவில்லை. ஆய்வைச் சொன்னவர்கள் அளவைச் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து நடந்தது இன்னும் மோசம். "0.8 இருந்தது 5.7 ஆயிடுச்சு" என்று வேறொரு லேப் ரிப்போர்ட்டைக் காட்டி அடுத்த மூன்று மாதத்துக்கும் விற்றார்கள். முதல் எண் நானோகிராம்/மி.லி., இரண்டாவது பிகோமோல்/லிட்டர். 0.8-ஐ 7.14-ஆல் பெருக்குங்கள், 5.7 வரும். ஏ.எம்.எச். அசையவே இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகை முதலில் பாருங்கள்.

அதே டப்பாவில் பயோட்டின் என்ற வைட்டமினும் 10 மி.கி. இருந்தது. இவ்வளவு பயோட்டின் சில லேப் கருவிகளில் தைராய்டு பரிசோதனையான டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும், பெண் ஹார்மோனான எஸ்ட்ரடயாலைக் கூட்டியும் காட்டும். எஸ்ட்ரடயால் பார்த்து முட்டை வளர்க்கும் ஊசியின் அளவை மாற்றும் நாட்களில் இது சிகிச்சையையே தடம் மாற்றிவிடும். ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

டி.எச்.இ.ஏ.-யையும் இதே வரிசையில் விற்கிறார்கள். அது ஆன்டிஆக்ஸிடன்ட் அல்ல, ஹார்மோன். முகப்பரு, முகத்தில் முடி வரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கியூ10 தொடவே கூடாது. ரெட்டினால் என்ற வடிவில் வரும் வைட்டமின் ஏ எல்லா மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 10,000 ஐ.யு.-வைத் தாண்டினால் கருவுக்கு ஆபத்து.

ஒவ்வொரு பொருளின் அளவும் தனித்தனியாக இல்லாமல் கலவையின் மொத்த எடை மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். வாங்கினால் பில் கேளுங்கள். டாக்டர் எழுதிய ஃபாலிக் ஆசிடை மட்டும் இந்தக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். அது குழந்தையின் தண்டுவடத்துக்காக, விலையும் மிகக் குறைவு.