காபந்து அரசா, ஆளுங்கட்சி அரசா: வங்கதேசத் தேர்தலை நடத்தத் தக்கது எது?

1971இல் பிறந்த வங்கதேசத்தில், யார் ஆள்வது என்ற கேள்விக்கு இணையாக, தேர்தலை யாருடைய பொறுப்பில் நடத்துவது என்ற கேள்வியும் ஓயாத மோதலாக இருந்துவருகிறது. ஒரு வழி, கட்சி சாராமல் தேர்தல் முடியும்வரை மட்டும் பொறுப்பிலிருக்கும் இடைக்கால அரசான காபந்து அரசு. மற்றது, பதவியிலுள்ள ஆளுங்கட்சி அரசே தேர்தலை நடத்துவது. இரண்டு வழிகளையும் அந்நாடு நடைமுறையில் பார்த்துவிட்டது.

நம்பகத்தன்மை
காபந்து அரசு: 1996இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் 1996 ஜூன், 2001, 2008 தேர்தல்கள் இதன்கீழ் நடந்தன, மூன்றிலும் முன்பு ஆண்ட கட்சி தோற்றது.
ஆளுங்கட்சி அரசு: 2011இல் காபந்து முறை நீக்கப்பட்டபின், 2014இல் 300 தொகுதிகளில் 153இல் போட்டியே இல்லை.

உறுதி
காபந்து அரசு: கடைசியாக ஓய்வுபெற்ற தலைமை நீதிபதியே தலைமை ஆலோசகர், அதாவது காபந்து அரசின் தலைவர், என்ற விதி, நீதித்துறைக்குள் கட்சி அரசியலை இழுத்துவந்தது. 2004இல் நீதிபதிகளின் ஓய்வு வயது 65இலிருந்து 67ஆக உயர்ந்தபோது, தமக்கு வேண்டியவரை அப்பதவியில் அமர்த்தவே ஆட்சியாளர்கள் இதைச் செய்ததாக எதிர்க்கட்சிகள் கொதித்தன. விளைவு, 2007 ஜனவரியில் நெருக்கடி நிலை. 90 நாள் இருக்கவேண்டிய ஏற்பாடு, இராணுவ ஆதரவுடன் ஏறத்தாழ இரண்டாண்டு நீண்டது.
ஆளுங்கட்சி அரசு: பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சி 2009 முதல் தொடர்ந்தது, 2024 ஆகஸ்டில் மாணவர் கிளர்ச்சியில் வீழ்ந்தது.

பொறுப்புடைமை
காபந்து அரசு: மக்கள் தேர்ந்தெடுக்காதது.
ஆளுங்கட்சி அரசு: நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டது, ஏட்டளவிலேனும்.

கட்சிகளுக்கிடையே நம்பிக்கை அறவே இல்லாத காலத்துக்குக் காபந்து அரசே பொருந்தும். ஆனால் அதன் தலைவரை நீதித்துறைக்கு வெளியே தேடவேண்டும். தேர்தல் ஆணையம் ஆட்சியாளரை மறுத்துப் பேசும் வலிமை பெற்றபின்பே மற்றது பொருந்தும்.