முயலை க்ரூமிங் கடையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் 'நாய், பூனை, முயல் க்ரூமிங்' என்று போர்டு மாட்டிய கடைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அதில் முயல் என்ற வார்த்தையை மட்டும் நம்பிவிடாதீர்கள். எங்கள் முயல் சுண்டுவுக்கு அப்படி ஒரு கடையில் நடந்ததை எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

சுண்டு, நீள முடி வளரும் அங்கோரா முயல் இனத்தின் கலப்பு. ப்ரஷ் என்றால் அதற்கு ஆகவே ஆகாது. எடுத்த உடனே பின்னங்காலால் தரையை டப் டப்பென்று தட்டும், உறுமும், அதையும் மீறிப் பக்கத்தில் போனால் ப்ரஷ்ஷைக் கவ்வித் தூக்கி எறியும். முடி உதிரும் காலத்தில் காதுக்குப் பின்னாலும் தாடைக்குக் கீழேயும் சடை பிடித்துவிட்டது. அங்கோரா முடி நிற்காமல் வளரக்கூடியது. இமாச்சலத்தில் கம்பளிக்காக வளர்க்கிறவர்கள் இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்துவிடுவார்கள். அந்தக் குளிர் ஊர் முயலைக் கொண்டுவந்து சென்னை வெயிலில் கூண்டில் வைத்து விற்கிறார்கள், வாங்குகிறவர்களிடம் முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அது தனிக் கோபம், இருக்கட்டும்.

போனிலேயே கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன்: குளிப்பாட்டக் கூடாது, மல்லாக்கப் போடக் கூடாது, நான் பக்கத்திலேயே இருப்பேன். "சரிங்க மேடம், நாங்க எவ்வளவோ முயல் பார்த்திருக்கோம்" என்றார். சடை எடுத்து நகம் வெட்ட 1,200 ரூபாய் என்று பேச்சு. கடைக்குப் போனதும் ஒரு ஃபார்மை நீட்டினார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கூடையை உள்ளே எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். தட்டினால், "கஸ்டமர் உள்ள வரக் கூடாது மேடம், இதோ முடிஞ்சுடும்" என்று உள்ளிருந்தே பதில். வெளியே தொங்கிய கேமரா திரை அணைந்திருந்தது. கேட்டதற்கு நெட் இல்லை என்றார்கள்.

சுண்டு வெளியே வந்தபோது ஷாம்பூ வாசனை தூக்கியது. மேல் முடி பஞ்சு மாதிரி இருந்தது, வயிற்றுப் பக்கம் கையை விட்டால் ஈரம். பில் 1,950 ரூபாய். குளியல், ட்ரையர், உண்ணி ஸ்ப்ரே, பாத ட்ரிம்மிங் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒன்றுகூட நான் கேட்டதில்லை. "முழு பேக்கேஜ்தான் மேடம், தனித்தனியா செய்ய மாட்டோம்" என்றார்கள். போனில் பேசிய பேச்சு என்ன ஆயிற்று என்றேன். பதில் இல்லை. கூடையைக் கையில் வாங்க வேண்டும் என்பதற்காகவே பணத்தைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர்களே ஒரு வீடியோ அனுப்பினார்கள், விளம்பரத்துக்கு எடுத்ததாம். அதில் சுண்டு மேஜைமேல் மல்லாக்கக் கிடக்கிறது, நான்கு கால்களும் மேலே, கண் விரியத் திறந்திருக்கிறது. "பாருங்க, எவ்வளவு சமத்தா தூங்குது" என்று பின்னால் ஒரு பையனின் குரல். அது தூக்கமே இல்லை. தன்னைத் தின்ன வந்த விலங்கின் பிடியில் சிக்கிய முயல் அப்படித்தான் விறைத்துக் கிடக்கும். வெளியே அசைவில்லாமல் இருந்தாலும் உள்ளே பயத்தின் உச்சத்தில் இருக்கும். அந்த நிலையிலிருந்து திடீரென்று உதறினால் இன்னும் ஆபத்து. முயலின் எலும்புக்கூடு மொத்த எடையில் 8 சதவீதம்தான் இருக்கும், ஆனால் பின்னங்கால் தசை அவ்வளவு பலம். தப்பாகப் பிடித்திருக்கும்போது ஓங்கி உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

சாயங்காலம் கொத்தமல்லியை மூக்கருகில் நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. அது கழிவு போகும் தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. முயல் வளர்ப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும், குடல் நின்றுபோகிறது. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, தின்னது நகர்ந்துகொண்டே இருந்தால்தான் உயிர். பயமும் வலியுமே அந்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அரை நாள் சாப்பிடாவிட்டாலே அவசரம், காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அன்று இரவே டாக்டரிடம் ஓடினோம்.

அவர் முடியை விலக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தாடைக்குக் கீழே தோல் பிளந்திருந்தது. சடையை இழுத்துப் பிடித்துக் கத்தரியால் வெட்டினால் கூடவே தோலும் தூக்கிக்கொண்டு வரும். முயல் தோல் அவ்வளவு மெல்லிசு. வெட்டியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது, மேலே பவுடர் தூவியிருந்தது. அடுத்து உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். பூனைக்குச் செய்வது போல ட்ரிம்மர் போட்டு வழித்திருந்தார்கள். பூனைக்கு இருப்பது போல முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது. அந்த முடிதான் செருப்பு, அது போனால் கால் புண்ணாகிவிடும். முடி வளரும்வரை சுண்டுவை மெத்தை விரிப்பைவிட்டு இறக்க முடியவில்லை.

டாக்டர் பதறியது ஸ்ப்ரேயைக் கேட்டுத்தான். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம், வலிப்பு வந்து செத்தே போகலாம். கடைக்குப் போன் போட்டுப் பெயர் கேட்டோம். "நாய், பூனை எல்லாத்துக்கும் அதான் அடிப்போம், ஒண்ணும் ஆகாது" என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. மருந்தின் பெயரே தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. ட்ரிப்ஸ், வலிக்கு ஊசி, சிரிஞ்சில் ஊட்டும் கூழ். முதல் புழுக்கையைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுண்டு பிழைத்துக்கொண்டது.

கடைக்காரர் சொன்ன பதில், "உங்க முயல் வரும்போதே வீக்கா இருந்துச்சு." நல்லவேளையாக அவர்கள் அனுப்பிய வீடியோ இருக்கிறது. பில், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு, காயத்தின் போட்டோ எல்லாவற்றையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் வீடியோ, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

ப்ரஷ் பிடிக்காத முயலை எப்படித்தான் சமாளிப்பது என்று கேட்பீர்கள். எங்கள் டாக்டர் சொல்லித்தந்தது இதுதான்: தரையில் உட்கார்ந்து, கையை லேசாக ஈரமாக்கி, முடி வளரும் திசையிலேயே நீவ வேண்டும். உதிர்ந்த முடி கையோடு வந்துவிடும். நீவும்போது முன்னால் கொஞ்சம் திமோத்தி புல். காலைத் தட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான். சடை இருந்தால் சோள மாவைத் தூவி, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலாலேயே இழை இழையாகப் பிரிக்க வேண்டும். கத்தரி பக்கமே போகக் கூடாது. விரலுக்கு வராத சடையை முயல் பார்க்கும் டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம்.

கடைக்குத்தான் போயாக வேண்டும் என்றால், முதலில் போன் போட்டு "முயலுக்கு என்ன ஷாம்பூ போடுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். குளிப்பாட்டவே மாட்டோம் என்று சொல்கிறவர்களிடம், நான் பக்கத்தில் நிற்கலாமா என்று அடுத்துக் கேளுங்கள்.